நிறுத்தங்களில் மட்டும் நிற்கும்

ஏப்ரல் 4

காட்டிக்கொடுத்த மகராசிக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உன் காதுக்கு வருவதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம். ரொம்ப நாளாக என் ஷூ லேசை நான் கட்டுவதில்லை. விசில் என்று எல்லோரும் கூப்பிடும் என் கண்டக்டர்தான் கட்டிவிடுகிறான். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டுவேன். அவன் படியில் நின்று குனிந்து, "அண்ணே, இன்னும் கொஞ்சம் நீட்டுங்க, எட்டல" என்பான். நானே குனிந்தால் வயிறு முந்திக்கொண்டு தொடைமேல் உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு மேல் வழியில்லை. ஒருநாள் செக்கர் பார்த்துவிட்டு, "என்னய்யா, கண்டக்டர் அங்க என்ன தேடுறாரு?" என்று கேட்டார். "சில்லறை விழுந்துருச்சு சார்" என்றேன். அந்த மாதம் முழுக்க எங்கள் பஸ்ஸில் சில்லறை விழுந்துகொண்டே இருந்தது.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒன்பது சொல்கிறாய். கடிதத்தில் குறுக்கே புக முடியாது. ஆறாம் வகுப்போடு நின்றுபோன கை இது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் பிழையை நான் இன்னும் பொறுத்துக்கொள்ளவில்லை என்பதையும் நினைவில் வை.

என்ன பிழை என்கிறாயா? டிப்போ டாக்டர் என்னைத்தான் கேட்டார்: "சாப்பாட்டுக் கட்டுப்பாடு எல்லாம் எப்படி?" நான், "துறவி மாதிரி சார்" என்றேன். அவர் உன்னைப் பார்த்தார். தலையாட்டுவதற்காகத்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ இடத்தில் நீ எனக்காகத் தலையாட்டியிருக்கிறாய். அன்றைக்குப் பார்த்து வாயைத் திறந்தாய். ஒவ்வொரு டிரிப் முடிவிலும் கிரீம் பன் என்றாய். மாத்திரை பூந்தொட்டிக்குப் போகிறது என்றாய். அந்தச் செடிக்கு சர்க்கரை நோயே வராது என்று டாக்டரே சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது நான் பஸ் கழுவும் இடத்தில் தண்ணீர்க் குழாய் பிடிக்கிறேன். கோடை முடிந்ததும் மறுபடி சோதனை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இறங்கியிருந்தால் ஸ்டீயரிங். இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை குழாய்தான். மறுநாளே நீ தங்கச்சி கால் உடைந்த சாக்கில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

போ. எனக்கு ஒன்றும் பயமில்லை. நாளையிலிருந்து விடியலில் எழுந்து ஓடப்போகிறேன். சர்க்கரை இல்லாத டீ. பன் கிடையாது. மத்தியானத் தூக்கம் கிடையாது. படுக்கும்முன் பச்சைக் காய்கறி. நீ திரும்பி வரும்போது கதவைத் திறப்பது யாரோ ஒரு வாலிபன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகப்போகிறாய்.

இப்படிக்கு,
குழாய்க்காரன்

ஏப்ரல் 10

டிரைவருக்கு,

கடிதம் வந்தது. உங்கள் பஸ் மாதிரியே எழுத்தும் மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. ஷூ லேஸ் பகுதியை மட்டும் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். சிரித்ததில் கட்டுப் போட்ட கால் வலிக்கிறது, அத்தானிடம் இனிமேல் எழுதவேண்டாம் என்று சொல்லு என்கிறாள்.

அவள் தையல் கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தைத்துக் கொடுக்கவேண்டிய சீருடைத் துணி கூரை வரை கிடக்கிறது. அவள் கட்டிலில் படுத்தபடி அளவு சொல்கிறாள், நான் வெட்டுகிறேன். சாக்குச் சொல்லிக்கொண்டு வரவில்லை. தேவைப்பட்டது, வந்தேன்.

காட்டிக்கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே தூங்கிப்போனீர்கள். கை தட்டில் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டேன். தோளைத் தட்டினேன். நீங்கள் எழுந்து, "இறங்க வேண்டிய இடம் வந்துருச்சா?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு அது ஞாபகமில்லை. எனக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறையப் பேர் ரோட்டைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று நினைத்துத்தான் பார்க்காமல் இருக்கிறார்கள். தலையாட்ட என்னால் முடியவில்லை. இன்னொரு தடவை டாக்டர் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கப்போகிறேன் என்கிறீர்கள். இதே மாதிரி ஒருதடவை ஒரே நாளில் மூன்று அலமாரி அடிக்க ஆரம்பித்தீர்கள். மூன்றும் இன்றுவரை கதவில்லாமல் நிற்கின்றன.

பூந்தொட்டிக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றவும்.

ஏப்ரல் 19

அலமாரியை மறக்காத அம்மணிக்கு,

நீ சாபம் விட்டாயோ என்னவோ, எல்லாம் முதல் நாளே கவிழ்ந்தது. முழுவதும் கேட்டுச் சிரித்துக்கொள்.

அலாரக் கடிகாரம் தலைமாட்டில் இருந்தால் தட்டி அணைத்துவிடுகிறேன் என்று அதை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தேன். அடித்தது. வீரனைப் போல எழுந்து அடுப்படிவரை நடந்து அணைத்தேன். தரை குளுகுளு என்று இருந்தது. அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டேன். மறுநாள் தரையில் ஈரத் துணியை விரித்துப் போட்டு, படுக்க இடமில்லாமல் செய்துவிட்டு, ஓடக் கிளம்பினேன். தெருமுனை தாண்டவில்லை. காய்கறி வண்டிக்காரர் நான் ஓடுவதைப் பார்த்து, "யாரு துரத்துறா? யாரு துரத்துறா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியை விட்டுவிட்டு அவரும் கூட ஓடினார். நின்று விளக்கம் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. அதனால் அவர் என்னைவிட அதிகதூரம் ஓடிவிட்டார். சர்க்கரை இல்லாத டீ குடித்தேன். உள்ளே போகமாட்டேன் என்றது. தள்ளிவிட இரண்டு பன் தேவைப்பட்டது.

ஆனால் வேறு ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் வண்டியில் என் ரூட்டில் ஒரு புதுசைப் போட்டிருக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி, ஒல்லிப்பிச்சான், சட்டைக் காலரில் கைக்குட்டை. அவன் என் கியரை எப்படிப் போடுகிறான் என்று நினைத்தாலே எனக்குப் பல் கூசும். முந்தாநாள் பொறுக்கமுடியாமல் விடியலிலேயே எழுந்து, அலாரம் எதுவும் இல்லாமல், டிப்போ வாசலில் போய் நின்றுகொண்டேன். முதல் வண்டியை நேரத்துக்கு எடுக்கிறானா என்று பார்க்கத்தான். எடுத்தான். சரி, ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஓரமாக நிறுத்துகிறானா, நடுரோட்டில் நிறுத்துகிறானா? அதைப் பார்க்க அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தேன். அதற்குள் அவன் அதற்கடுத்த நிறுத்தத்துக்குப் போயிருந்தான். நர்சம்மா நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளை உடை, எப்போதும் முன்சீட். "வண்டி எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன். "தூக்கித் தூக்கிப் போடுறாரு அண்ணே, டியூட்டி முடிஞ்ச அலுப்புல ஏறவே பயமா இருக்கு" என்றார்கள். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தில் அப்படியே நீர்த்தொட்டி நிறுத்தம் வரை போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் பாதி ரூட்.

நடந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வேவு பார்த்தேன். கெண்டைக்கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கின்றன. நாளைக்கும் போவேன்.

நீ எழுதிய ஞாயிற்றுக்கிழமை விஷயம் எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லாத குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கக்கூடாது.

இப்படிக்கு,
ஒற்றன்

ஏப்ரல் 28

ஒற்றருக்கு,

வேவு நல்ல வேலை. தொடர்ந்து பார்க்கவும். அந்தப் புது டிரைவர் நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாலும் பார்க்கவும்.

எனக்கும் ஒன்று நடந்தது. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது. தங்கைதான் கட்டிலிலிருந்து கத்தினாள்: "அக்கா, யாருக்கு பரிமாறுறே? வீட்டுல நம்ம ரெண்டு பேர்தானே. உட்காரு!" உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எழுந்துவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் ஊன்றுகோலால் என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இப்போது தினமும் ஒருவேளை முழுச் சாப்பாடும் உட்கார்ந்து முடிக்கவேண்டும் என்பது அவள் உத்தரவு. உங்கள் ஓட்டத்தைவிட இது கஷ்டமாக இருக்கிறது.

காலையில் கண் விழித்ததும் வாய் தானாக, "மாத்திரை போட்டாச்சா?" என்கிறது. தையல் மெஷின்தான் எதிரே இருக்கிறது. அது பதில் சொல்வதில்லை. நீங்களும் அப்படித்தான் இருந்தீர்கள் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

மாத்திரை போடுகிறீர்களா? கேட்கக்கூடாது என்று முடிவு செய்துதான் வந்தேன். கேட்டுவிட்டேன். இந்த வரியைப் படிக்காமல் விட்டுவிடவும்.

மே 8

உட்கார்ந்து சாப்பிடும் ராணியம்மாவுக்கு,

அந்த வரியைப் படிக்கவில்லை. படிக்காத வரிக்குப் பதில்: போடுகிறேன். எப்படி என்று கேள்.

வேவு பார்க்கப் போனவன் தினமும் போகிறேன். விடியலில் டிப்போ வாசல், அங்கிருந்து ஆஸ்பத்திரி, பூட்டுக்கடை, நூலகம், நீர்த்தொட்டி. அப்புறம் கழுவும் இடத்து வேலைக்கு நேரத்தோடு திரும்பிவிடுவேன். இதில் ஒரு கூத்து. நிறுத்தம் வந்தால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. ஆள் ஏறி இறங்கும் நேரம் நிற்கிறது. அப்புறம்தான் கிளம்புகிறது. திருப்பத்தில் நடைபாதையை ஒட்டித் திரும்ப வரமாட்டேன் என்கிறது; பின்சக்கரம் ஏறிவிடுமாம், அகலமாகத்தான் வளைகிறேன். குறுக்கே நாய் வந்தால் வாயால் ஹாரன் அடிக்கிறேன். நாய் ஒதுங்குகிறது. என் ஹாரனை மதிக்கிற ஒரே ஜீவன்.

ஒருநாள் பின்னாலிருந்து விசில் சத்தம். நின்றேன். இரண்டு விசில். கிளம்பினேன். நம் விசில்தான்! "அண்ணே, அந்தப் புதுசோட எனக்கு ஒத்துவரல, மதிய ஷிப்ட் வாங்கிட்டேன். காலைல வீட்டுல இருந்தா பொண்டாட்டி தேங்கா திருவச் சொல்றா. நான் உங்க கூடவே டியூட்டி பாக்குறேன்" என்றான். மறுநாள் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நர்சம்மா, "அண்ணே, நின்னு நின்னுதான போறீங்க, நானும் ஏறிக்கிறேன். நூலகத்துல இறங்கிடுவேன்" என்றார்கள். ஏறினார்கள். அதாவது எனக்குப் பின்னால் நடந்தார்கள். பூட்டுக்கடைக்காரர் கடை திறக்கும்வரை சும்மா நிற்கிறவர், அவரும் ஏறிக்கொண்டார். அவரோடு மட்டும் பெரிய தகராறு. இரண்டு நிறுத்தத்துக்கு நடுவே, "இங்கேயே இறக்கி விட்ருப்பா" என்றார். விசில் அவரை இறங்கவிடவில்லை. "நிறுத்தத்துலதான் இறங்கணும் சார். எல்லாரும் அவங்கவங்க வீட்டு வாசல்லயே இறங்குனா இது பஸ்ஸா, ஆட்டோவா?" இப்போது காலையில் ஒரு வரிசையே வருகிறது.

மாத்திரைக்கு வருகிறேன். பூட்டுக்கடை நிறுத்தத்தில் விசில் நீளமாக ஊதுவான். அது மாத்திரை விசில். பயணிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எந்தப் பூந்தொட்டியில் போடுவது? முழுங்கித்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தண்ணீர்.

பன்தான் பெரிய அதிசயம். பேக்கரி எங்கே இருக்கிறது? நூலகத்துக்கும் நீர்த்தொட்டிக்கும் நடுவில். அங்கே நிறுத்தம் கிடையாது! வாசனை வந்து மூக்கைப் பிடித்து இழுக்கிறது, கால் நிற்கமாட்டேன் என்கிறது. இத்தனை வருஷ சர்வீசில் நடுவழியில் வண்டியை நிறுத்தி ஒரு மெமோ வாங்கியவனில்லை நான். பேக்கரிக்காரர் வாசலில் வந்து நின்று, "என்ன டிரைவரே, நம்ம கடைய மறந்துட்டீங்க?" என்று கேட்கிறார். "நிறுத்தம் போடச் சொல்லி மனு கொடுங்க" என்று சொல்லிக்கொண்டே போய்விடுகிறேன்.

பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறேன். ஆணியால் போட்ட ஓட்டை அல்ல, கம்பெனி ஓட்டை. விசில் சாட்சி.

இப்படிக்கு,
ரூட்டுக்குச் சொந்தக்காரன்

மே 17

டிரைவருக்கு,

விசிலின் மனைவி நேற்று போன் செய்தாள். ரவிக்கைக்கு அளவு சொல்வதுபோல ஆரம்பித்து, கடைசியில் சொல்லிவிட்டாள். நீங்கள் எழுதவில்லை.

நூலக வாசலில் விழப்போனீர்களாம். நர்சம்மா பிடித்துக்கொண்டார்களாம். சட்டை தொப்பலாக நனைந்து, கை நடுங்கி, பேச்சு குழறியதாம். முந்தின ராத்திரியும் சாப்பிடவில்லை, காலையிலும் சாப்பிடவில்லை, வெறும் வயிற்றில் மாத்திரை, அதன்மேல் நடை. சீக்கிரம் இளைக்கவேண்டும் என்று. மறுபடி மூன்று அலமாரி.

பெட்டியை எடுத்துத் துணிகளை வைத்துவிட்டேன். பிறகு நானே வெளியில் எடுத்துவிட்டேன். வரவேண்டும் என்று இருக்கிறது. வந்தால் என்ன ஆகும் என்றும் தெரிகிறது. முதல் நாளே மாத்திரைப் பெட்டியை என் கையில் கொடுத்துவிடுவீர்கள். நானும் வாங்கிக்கொள்வேன். அப்புறம் போடுவது என் வேலை, துப்புவது உங்கள் வேலை என்று பழையபடி ஆகிவிடும்.

அதனால் வரவில்லை. இது கோபம் இல்லை. கோபமும்தான்.

நடந்ததை நீங்களே எழுதுங்கள். சிரிப்புக் காட்டாமல் எழுதுங்கள்.

மே 23

உனக்கு,

சிரிப்புக் காட்டாமல் எழுதச் சொன்னாய். பேனாவுக்குப் பழக்கமில்லை, முயற்சி செய்கிறேன்.

விசில் மனைவி சொன்னது எல்லாம் நிஜம். நடந்துகொண்டிருந்தேன். ரோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குவதுபோல இருந்தது. அப்புறம் நூலகப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். நர்சம்மா என் வாயில் எதையோ கரைத்து ஊற்றுகிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு யோசித்தும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. அப்போதுதான் உன் ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகம் வரவில்லை, இப்படித்தான் இருந்திருக்கும் என்று புரிந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். பூட்டுக்கடைக்காரர் தன் துண்டால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவர் தினமும் என் பஸ்ஸில் வந்தவர். அவர் புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருஷமும் இவர்களைக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். கைக்குட்டை அளவுக் கண்ணாடி. ஒருத்தரும் போகவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. இவர்களை உட்காரவைத்துக்கொண்டு நான் பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது இது வந்திருந்தால்?

நீ டாக்டரிடம் சொன்னது சரி. இதை ஒருதடவைதான் எழுதுவேன்.

மறுநாள் நானே டாக்டரிடம் போனேன். கூட யாரையும் கூட்டிப்போகவில்லை. பன், பூந்தொட்டி, தட்டு, நூலகப் படி எல்லாம் சொன்னேன். அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். "பட்டினி கிடந்து இறக்குனா அது இறக்கம் இல்லைய்யா, பள்ளம்" என்றார். இப்போது எழுந்ததும் அவித்த முட்டை, ஒரு ரொட்டி. சாப்பிட்டுவிட்டுத்தான் டிப்போ வாசல். நானே அவிக்கிறேன். முதல் முட்டை அடுப்பில் வெடித்துக் கூரையில் ஒட்டியிருக்கிறது. அதை நீ வந்துதான் எடுக்கவேண்டும், எனக்கு எட்டவில்லை. பார், சிரிப்பு வந்துவிட்டது. மன்னித்துக்கொள்.

நீ வராமல் இருந்தாயே, அதுவும் சரிதான்.

நான்

ஜூன் 1

முட்டைக்காரருக்கு,

கடிதத்தை உட்கார்ந்து படித்தேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

தங்கைக்குக் கட்டு பிரித்துவிட்டார்கள். சந்துக்குள் அவளை நடக்கவைக்கிறேன். நான்கு எட்டு வைத்துவிட்டு, "போதும் அக்கா, இங்கேயே உட்கார்ந்துக்கறேன்" என்கிறாள். "நிறுத்தத்தில்தான் இறங்கணும்" என்றேன். கதவுக்குக் கதவு ஒரு நிறுத்தம் வைத்திருக்கிறோம். எதிர்வீட்டுக்காரி விசில் இருக்கிறதா என்று கேட்கிறாள்.

சீருடை எல்லாம் முடிந்தது. காக்கித் துணி கொஞ்சம் வாங்கியிருக்கிறேன். உங்களுக்கு டியூட்டி பேண்ட் தைக்கலாம் என்று. சோதனைக்கு முன்னால் தைப்பது அவசரம்தான். இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. பழைய இடுப்பளவு எனக்கு மனப்பாடம். அது வேண்டாம். ஒரு நூலை இடுப்பில் சுற்றி, முடிச்சுப் போட்டு, கடிதத்தில் வைத்து அனுப்பவும். மூச்சை இழுத்துப் பிடிக்காமல்.

ஜூன் 7

தையல்கார அம்மாவுக்கு,

நூல் வைத்திருக்கிறேன். மூச்சை இழுக்கவில்லை, விசில் பக்கத்தில் நின்று என்னை ஒரு பாட்டுப் பாடச் சொல்லி, பாடிக்கொண்டிருக்கும்போது அளந்தான். பாட்டைக் கேட்டு அடுத்த வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

திங்கட்கிழமை சோதனை. பயமா என்று கேட்டால் இல்லை. சும்மா சொல்லவில்லை. போன தடவை எடை பார்க்கும்போது டாக்டர் மேசையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டுதான் நின்றேன், எடை குறைத்துக் காட்டும் என்று. இந்தத் தடவை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஏறப்போகிறேன். நர்சம்மா ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே ஊசி குத்திப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது உங்க ரத்தம்தானா?" என்று கேட்டார்கள். பூட்டுக்கடைக்காரர் சொல்கிறார், பாஸானால் எல்லோருக்கும் அவர் செலவில் பன்னாம். எதிரியை எங்கெல்லாம் வளர்த்திருக்கிறேன் பார்.

அந்தப் புதுசும் ஒருநாள் டிப்போ வாசலில் என்னிடம் வந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அண்ணே, நீர்த்தொட்டித் திருப்பத்துல எனக்கு வண்டி ஒடிச்சுத் திரும்ப மாட்டேங்குது" என்றான். மூன்றாவது கியரில் போகிறான் கழுதை. இரண்டில் போகச் சொன்னேன். நல்ல பையன்தான்.

பேண்ட்டைக் கொஞ்சம் தாராளமாகத் தை. குனிய வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பாடகன்

ஜூன் 12

பாடகருக்கு,

நூல் வந்தது. இரண்டு தடவை மேசையில் விரித்துப் பார்த்தேன். தங்கை, "யாரோட நூலை மாத்தி வச்சுட்டாரோ" என்றாள். நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர்தான், ஆனால் இப்போது செய்யமாட்டீர்கள் என்றேன். சொன்னபிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பேண்ட் தைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சோதனை முடிவைப் போனில் சொல்லவேண்டாம். குரலை வைத்துக் கண்டுபிடிக்க முயன்று உயிர் போய்விடும். எழுதுங்கள்.

அடுத்த வாரம் நான் வருகிறேன். முடிவு எதுவானாலும். மாத்திரைப் பெட்டியை என்னிடம் கொடுக்கக்கூடாது. நான் சாப்பிடும்போது தண்ணீர் கேட்கக்கூடாது. இரண்டுதான் சட்டம்.

ஜூன் 20

இரண்டு சட்டம் போட்ட சர்க்காருக்கு,

பாஸ். ஸ்டீயரிங் திரும்பக் கிடைத்துவிட்டது. டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "என்ன செஞ்சே?" என்றார். "வண்டி ஓட்டுனேன் சார்" என்றேன். "உன்னைத்தான் இறக்கி விட்டோமே?" "அதனாலதான் சார்." கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்: மாதாமாதம் வந்து காட்டவேண்டும், ஒருநாள் தலை சுற்றினாலும் வண்டியை எடுக்கக்கூடாது. நானும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

பேண்ட் கச்சிதம். குனிந்து பார்த்தேன். லேஸ் கட்டினேன். விசில் பக்கத்தில் நின்று, "இனிமே நம்ம பஸ்ல சில்லறையே விழாதா அண்ணே?" என்று வருத்தப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாய். பஸ் நிலையத்துக்கு வந்து நிற்பேன். திங்கட்கிழமை விடுமுறை போட்டிருக்கிறேன். நடைவண்டியில் நீயும் ஏறலாம். மனைவி என்று சலுகை கிடையாது, வரிசையில்தான் வரவேண்டும். எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் சரி, நடுவில் இறக்கமாட்டோம்.

இன்றைக்கு என் முதல் டியூட்டி. அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

காலையில் முட்டை சாப்பிட்டுவிட்டு டிப்போவுக்குப் போனேன். கையெழுத்துப் போட்டேன். வண்டி கழுவித் துடைத்துத் தயாராக நின்றது. சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். விசிலும் எனக்காகக் காலை ஷிப்ட் மாறி வந்து டிக்கெட் பையை மாட்டிக்கொண்டான். வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். விசில் எல்லோருக்கும் டிக்கெட் கிழித்தான். இரண்டு தடவை ஊதினான். கிளம்பினோம். ஆஸ்பத்திரியில் நர்சம்மா ஏறினார்கள். பூட்டுக்கடையில் நீளமாக ஒரு விசில், மாத்திரை போட்டேன். நேரம் சரியாக இருந்தது. பேக்கரியைத் தாண்டியபோது, காலை முதல் ஆளாக வேலைக்குப் போகிற ஒரு புதுப் பயணி, கையில் டிக்கெட்டோடு, "சார், உட்கார இடம் எப்போ கிடைக்கும்?" என்று விசிலிடம் கேட்டார்.

வண்டி டிப்போவில் இருந்தது.

தாமதத்துக்குக் காரணம் எழுதித் தரச் சொன்னார்கள். பஸ்ஸை எடுத்துக்கொள்ளாமல் புறப்பட்டதால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.